அடிமைக் கடல் – 14: சாட்சி இல்லாத கப்பல்கள்

1831 செப்டம்பர். இன்றைய நைஜீரியாவின் தென்கரையில் போனி ஆறு கடலில் கலக்கும் இடம். ராபிடோ, ரெகுலோ என்ற இரண்டு ஸ்பானியக் கப்பல்கள் அடிமைகளை ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டி வந்தன. வெளியே பிரிட்டிஷ் கடற்படையின் பிளாக் ஜோக், ஃபேர் ரோசமண்ட் என்ற இரண்டு சிறு கப்பல்கள் காத்திருந்தன. அவற்றைப் பார்த்ததும் ஸ்பானியர்கள் திரும்பி ஆற்றுக்குள்ளேயே ஓடினார்கள். ரோந்துக் கப்பல்கள் விடவில்லை. துரத்திச் சென்ற மாலுமிகளின் கண்ணெதிரே ராபிடோவின் ஆட்கள் அடிமைகளை மேல்தளத்துக்கு இழுத்து வந்து, இருவர் இருவராகக் கால் பிணைத்த விலங்கோடு ஆற்றில் தள்ளினார்கள்.

சுமார் நூற்றைம்பது பேர் என்று பிற்பாடு கணக்குச் சொன்னார்கள். பிரிட்டிஷ் மாலுமிகள் ராபிடோவில் ஏறியபோது தளத்தின் கீழே யாரும் இல்லை. தண்ணீரிலிருந்து உயிரோடு தூக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். ரெகுலோவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மிஞ்சியிருந்தார்கள்.

இதைக் கொடூரம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ராபிடோவின் தலைவன் ஆத்திரத்தில் செய்த காரியமல்ல இது. அவன் ஒப்பந்தத்தின் வாசகத்தைச் சரியாகப் படித்திருந்தான். 1817-ல் பிரிட்டனும் ஸ்பெயினும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பிடிபடும் நேரத்தில் கப்பலில் அடிமைகள் இருந்தால்தான் அது அடிமைக் கப்பல். விலங்குகள் குவிந்து கிடக்கலாம், நானூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சும் கொப்பரை இருக்கலாம், தளமெங்கும் மனித மலத்தின் நாற்றம் வீசலாம். அவை எதுவும் சாட்சி ஆகாது. மணல் கடத்தும் லாரியைச் சோதனைச் சாவடிக்கு நூறடி முன்னால் கொட்டிக் கவிழ்த்துவிட்டு ஓட்டுநர் கையை விரிப்பதைப் போலத்தான். இங்கே கொட்டப்பட்டது மணல் அல்ல. அந்த இருவர் பிழைத்திருக்காவிட்டால் ராபிடோ விடுதலையாகிப் போயிருக்கும். அவர்கள் சொன்ன சாட்சியத்தின் பேரில்தான் சியரா லியோனின் ஃப்ரீடவுன் நீதிமன்றம் அதைப் பறிமுதல் செய்தது.

அட்லாண்டிக் ரோந்தின் கதையைப் பொதுவாகப் பீரங்கிப் புகையோடு சொல்வார்கள். எனக்கு அது பெரும்பகுதி காகிதத்தின் கதையாகவே படுகிறது. எந்தக் கொடி, எந்தத் தேதி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கா தெற்கா, எதைச் சாட்சியாக ஏற்கலாம் என்று ஐரோப்பியத் தலைநகரங்களில் எழுதிய வரிகள், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு கப்பலின் கீழ்த்தளத்தில் கிடந்தவர்கள் வாழ்வதா சாவதா என்பதைத் தீர்த்தன.

சென்ற இதழை 1807 மார்ச் 25-ல் நிறுத்தியிருந்தோம். அன்று ஒப்புதல் பெற்ற சட்டம் பிரிட்டிஷ்காரர்கள் ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கிக் கப்பலேற்றுவதைத் தடை செய்தது. பிடிபட்டால் ஆளுக்கு 100 பவுண்டு அபராதம். அபராதத்தைக் கட்டிவிட்டும் லாபம் பார்த்தார்கள் என்பதால், 1811-ல் இன்னொரு சட்டம் போட்டு இதை நாடுகடத்தும் குற்றமாக்கினார்கள். அடிமை முறை ஒழிந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. கரீபியன் கரும்புத் தோட்டங்களில் ஏற்கெனவே இருந்தவர்கள் மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் அடிமைகளாகவே இருந்தார்கள்.

சட்டத்தை நடைமுறைப்படுத்த 1808-ல் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியவை சோல்பே, டெர்வென்ட் என்ற இரண்டு கப்பல்கள். செனகலிலிருந்து அங்கோலா வரை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு நீளும் கரை. அதில் எத்தனை முகத்துவாரங்கள், எத்தனை உப்பங்கழிகள்! பிரிட்டன் அப்போது நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. நல்ல கப்பல்களை இந்த வேலைக்கு விட்டுத்தர கடற்படைத் தலைமைக்கு மனமில்லை.

போர் நடந்தவரை ஒரு வசதி இருந்தது. எதிரி நாட்டுக் கப்பலையோ, எதிரிக்குச் சரக்குக் கொண்டுபோவதாகச் சந்தேகப்பட்ட நடுநிலைக் கப்பலையோ நடுக்கடலில் நிறுத்திச் சோதிக்கலாம். 1815-ல் அமைதி திரும்பியதும் அந்த உரிமை போய்விட்டது. அடுத்த ஆண்டே லெ லூயி என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பலை ரோந்துக்காரர்கள் பிடித்தபோது வழக்கு லண்டன் வரை போனது. 1817-ல் நீதிபதி சர் வில்லியம் ஸ்காட் கப்பலை விடுவித்தார். ஆப்பிரிக்காவுக்கு நல்லது செய்வதற்காக இன்னொரு நாட்டின் சுதந்திரத்தை மிதிக்க முடியாது. ஒப்பந்தம் இல்லாமல் சமாதான காலத்தில் அயல்நாட்டுக் கப்பலில் ஏற யாருக்கும் உரிமையில்லை. இதுதான் தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் சர்வதேசக் கடற்சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்காமல் தப்ப முடியாது. சட்டப்படி அது சரியான தீர்ப்பு. அதுதான் சங்கடமும்.

இதன் விளைவை 1820-ல் பார்க்கலாம். ரோந்துப் படையின் தலைவர் சர் ஜார்ஜ் காலியர், டார்டார் என்ற கப்பலில் இருந்தபடி ஜூன் எஸ்தெல் என்ற பிரெஞ்சுக் கப்பலைத் துரத்தினார். பிரெஞ்சுக் கொடி பறக்கும் கப்பலைச் சோதிக்க அவருக்கு உரிமை கிடையாது. ஆனாலும் ஏறினார்கள். கப்பல் தலைவன் தன்னிடம் அடிமைகளே இல்லை என்று சாதித்தான். ஒரு மாலுமி அங்கிருந்த பீப்பாய் ஒன்றைத் தட்டிப் பார்க்க, உள்ளேயிருந்து முனகல் கேட்டது. மூடி அறைந்து அடைத்த அந்தப் பீப்பாய்க்குள் பன்னிரண்டு, பதினான்கு வயது மதிக்கத்தக்க இரண்டு சிறுமிகள். துரத்தும்போது முன்னால் போன கப்பலிலிருந்து சில பீப்பாய்கள் கடலில் மிதந்து சென்றதை அதே மாலுமிகள் பார்த்திருந்தார்கள். அவற்றில் என்ன இருந்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

வேறு வழியின்றி பிரிட்டன் ஒவ்வொரு நாட்டிடமும் போய் ஒப்பந்தம் பேசியது. சிலவற்றை விலைக்கு வாங்கியது என்றே சொல்லலாம். போர்ச்சுகலுக்கு 1815-ல் 3 லட்சம் பவுண்டு. அதற்கு ஈடாக நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மட்டும் வணிகத்தை நிறுத்தச் சம்மதித்தது. ஸ்பெயினுக்கு 1817-ல் 4 லட்சம் பவுண்டு. நெதர்லாந்து 1818-ல் கையெழுத்திட்டது. பிரான்ஸ் 1831 வரை பரஸ்பர சோதனைக்கு இணங்கவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளோ, தன் கப்பல்களில் பிரிட்டிஷ் மாலுமி கால் வைப்பதை 1862 வரை ஏற்கவில்லை. 1812-ல் இரு நாடுகளும் போருக்குப் போன காரணங்களில் இந்தக் கப்பலேறும் பழக்கமும் ஒன்று; அந்தக் காயம் ஆறவில்லை.

ஆகவே ஓர் இளம் லெஃப்டினன்ட் தொலைநோக்கியில் ஒரு பாயைப் பார்த்ததும் முதலில் செய்ய வேண்டியிருந்தது கொடி ஆராய்ச்சி. அதுவும் நம்பத்தகுந்ததல்ல. ஒரே கப்பலில் மூன்று நாட்டுக் கொடிகளும் மூன்று நாட்டுக் காகிதங்களும் இருக்கும். பிரேசில் கப்பல்கள் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மொலெம்போவில் அடிமை வாங்க அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு, வடக்கே லாகோசில் ஏற்றிக்கொண்டு போயின. தவறான கப்பலைப் பிடித்தால் நஷ்டஈடு அந்த லெஃப்டினன்டின் தலையில் விழும். பிடிக்காமல் விட்டால் கேட்பாரில்லை.

பிடித்த கப்பலை என்ன செய்வது? ஃப்ரீடவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் 1819 முதல் கலப்பு ஆணையங்கள் செயல்பட்டன. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் இரு நாட்டு நீதிபதிகள் சேர்ந்து உட்காருவார்கள். கருத்து வேறுபட்டால் நடுவர் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பார்கள். வரைபடத்தைப் பார்த்தால் பெனின் வளைகுடாவிலிருந்து சியரா லியோன் அவ்வளவு தொலைவில்லை. ஆனால் அந்தத் திசையில் காற்றும் நீரோட்டமும் எதிர்முகம். பாய்மரக் கப்பல் வாரக்கணக்கில் தத்தளித்து மேற்கே போகும். அதுவரை அடிமைகள் அதே கப்பலில், அதே கீழ்த்தளத்தில், அதே வயிற்றுப்போக்கோடு இருப்பார்கள். காவலுக்கு நிற்பவர்களின் சீருடை மாறியிருக்கும், அவ்வளவுதான். மீட்கப்பட்ட பிறகு ஃப்ரீடவுனைப் பார்க்காமலே இறந்தவர்கள் ஏராளம்.

தண்டிக்கப்பட்ட கப்பல் ஏலத்துக்கு வரும். ஃப்ரீடவுன் துறைமுகத்தில் அடிமை வணிகர்களின் தரகர்கள் நின்று ஏலம் எடுத்தார்கள். சில மாதங்களில் அதே கப்பல் வேறு பெயரில் போனி ஆற்றுக்குள் நுழையும். இதைப் பார்த்து வெறுத்துப்போய் படைத் தலைவர் ஃப்ரான்சிஸ் காலியர் ஒரு காரியம் செய்தார். (மேலே சொன்ன ஜார்ஜ் காலியர் வேறு, இவர் வேறு, இருவரும் ஒரே கரையில் ஒரே பதவியில் இருந்ததால் பல நூல்களிலேயே குழம்பியிருக்கிறார்கள்.) ஹென்ரிகெட்டா என்ற பிரேசில் கப்பல் ஆறு பயணங்களில் மூவாயிரம் பேருக்குக் குறையாமல் பாஹியாவுக்குக் கொண்டுபோயிருந்தது. வேகத்தில் அதைக் கடற்படையின் எந்தக் கப்பலும் நெருங்க முடியாது. 1827 செப்டம்பரில் அது எப்படியோ சிபில் என்ற கப்பலிடம் மாட்டிக்கொண்டது. ஏலத்தில் காலியரே 330 பவுண்டுக்கு அதை எடுத்து, பிளாக் ஜோக் என்று பெயர் மாற்றி ரோந்தில் சேர்த்தார்.

அடிமைக் கப்பலைப் பிடிக்க அடிமைக் கப்பல்தான் சரி என்று விரைவில் தெரிந்தது. 1829 பிப்ரவரி 1 அன்று, லெஃப்டினன்ட் ஹென்றி டவுன்ஸ் தலைமையில் இரண்டே பீரங்கிகள் வைத்திருந்த பிளாக் ஜோக், 14 பீரங்கிகள் கொண்ட எல் அல்மிரான்டே என்ற ஸ்பானியக் கப்பலை மடக்கியது. காற்று செத்துக் கிடந்தபோது நீண்ட துடுப்புகளால் வலித்து நெருங்கி, எதிரியின் பீரங்கிகள் திரும்ப முடியாத பின்பக்கத்தில் நின்றுகொண்டு சுட்டார்கள். 466 பேர் மீட்கப்பட்டார்கள். தொடக்கத்தில் பார்த்த ராபிடோ துரத்தலிலும் இதே பிளாக் ஜோக்தான். 1832-ல் மரம் உளுத்துப்போய், அதிகாரிகளின் உத்தரவுப்படி ஃப்ரீடவுனில் எரிக்கப்பட்டது.

வெற்றிக்குப் பரிசுப் பணம் உண்டு. மீட்கப்படும் தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்தது. 1824-ல் அது 10 பவுண்டு, 1830-ல் 5 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. தலைக்கணக்கு என்றால் காலிக் கப்பலைப் பிடிப்பதில் லாபமில்லை. அதனால் கப்பல்கள் நிரம்பும் வரை காத்திருந்து பிடிக்கிறார்கள் என்று அந்தக் காலத்திலேயே குற்றம் சாட்டினார்கள். அப்படிக் காத்திருந்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் காலிக் கப்பலைப் பிடிக்கச் சட்டமும் அனுமதிக்கவில்லையே. பழியில் பாதியாவது லண்டனுக்கும் மாட்ரிட்டுக்கும் போக வேண்டும்.

கரையோரம் இன்னோர் எதிரி இருந்தது. மலேரியா கொசுவால் பரவுவது தெரிய அந்த நூற்றாண்டின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சதுப்பு நிலத்தின் நாறும் காற்றே நோய் தருகிறது என்று நம்பினார்கள். 1829-ல் மஞ்சள் காய்ச்சல் ஈடன், சிபில் ஆகிய கப்பல்களில் புகுந்தது. ஈடனில் பாதிக்கு மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். சிபிலில் பீதியை அடக்க வைத்தியர் மெக்கின்னல் செய்தது கடற்படை வரலாற்றிலேயே வினோதமான காரியம். நோயாளி எடுத்த கறுப்பு வாந்தியை ஒரு கோப்பையில் பிடித்து எல்லோர் முன்னிலையிலும் குடித்துக் காட்டினார், இது தொற்றாது என்று நிரூபிக்க. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் அவர் நினைத்ததல்ல. ஆனாலும் மாலுமிகள் தெம்படைந்தார்கள். 1830 முதல் 1865 வரை இந்த ரோந்தில் இறந்த கடற்படையினர் சுமார் 1,600 பேர். பெரும்பாலோர் காய்ச்சலில்தான் போனார்கள்.

கணக்கில் அதிகம் வராத இன்னொரு கூட்டம் க்ரூ மக்கள். இன்றைய லைபீரியக் கரையைச் சேர்ந்த கடலோடிகள். அலை அடிக்கும் கரையில் படகு விடுவதில் அவர்களுக்கு நிகரில்லை. ரோந்துக் கப்பல்கள் ஒவ்வொன்றிலும் அவர்களைக் கூலிக்குச் சேர்த்திருந்தார்கள். வெயிலில் விறகு, தண்ணீர் சுமப்பதும், உப்பங்கழிக்குள் படகு வலிப்பதும் அவர்கள் வேலை. ஆங்கிலேய எழுத்தர்களுக்கு அவர்கள் பெயர் வாயில் நுழையாததால் வருகைப் பதிவேட்டில் கேலிப் பெயர்களையே எழுதிவைத்தார்கள். அவர்களின் சொந்தப் பெயர்கள் ஆவணங்களில் இல்லாமலே போயின.

ஃப்ரீடவுனில் இறங்கியவர்கள் சுதந்திர மனிதர்கள்தானா? 1808-ல் சியரா லியோனின் ஆளுநராக வந்த 25 வயது தாமஸ் பெரோனெட் தாம்சனுக்கு வந்தவுடனேயே அந்தச் சந்தேகம் எழுந்தது. மீட்கப்பட்டவர்களைத் தலைக்கு 20 டாலர் வாங்கிக்கொண்டு உள்ளூர்க் குடியேற்றக்காரர்களிடம் ‘தொழில் பயிலுநர்’ என்ற பெயரில் கொடுத்திருந்தார்கள். இது அடிமை விற்பனையேதான் என்று தாம்சன் எழுதினார். குற்றச்சாட்டு, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரிய மனிதர்களையே சுட்டது. 1810-ல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மீட்கப்பட்ட இளைஞர்களில் பலர் மேற்கிந்தியப் படைப்பிரிவுகளில் சிப்பாய்களாகச் சேர்க்கப்பட்டார்கள். 1840-களில், அடிமை முறை ஒழிந்து ஆள் கிடைக்காமல் தவித்த ஜமைக்கா, ட்ரினிடாட், கயானா தோட்டங்களுக்கு இவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி அனுப்பினார்கள். அதே ட்ரினிடாடுக்கும் கயானாவுக்கும் 1840-களின் நடுவிலிருந்து சென்னையிலிருந்து நம் ஆட்களும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள் என்பதை இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் நடுவே ஃப்ரீடவுனில் ஒரு புதிய சமூகம் முளைத்தது. அதன் வரலாற்றை ஒரே ஆளை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் அஜாயி என்ற யொருபாச் சிறுவனைச் சொல்ல வேண்டும். 1821-ல் அவன் ஊரான ஒஷோகுன் தாக்கப்பட்டது. தாயோடும் தங்கைகளோடும் பிடிபட்டான். கை மாறிக் கை மாறி லாகோசுக்கு வந்து, 1822 ஏப்ரலில் எஸ்பெரான்சா ஃபெலிஸ் என்ற போர்ச்சுகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டான். கிளம்பிய உடனே ஹென்றி லீக் தலைமையிலான மிர்மிடன் அதைப் பிடித்தது. போர்க்கப்பலில் ஏற்றப்பட்ட சிறுவர்களுக்கு விடுதலை பற்றி எதுவும் தெரியாது. அங்கே தொங்கிய பன்றி இறைச்சியை மனித உடல் என்றும், குவித்து வைத்திருந்த பீரங்கிக் குண்டுகளை மனிதத் தலைகள் என்றும் நினைத்து நடுங்கினார்கள். கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் பயம் தெளிந்தது. இதையெல்லாம் பிற்காலத்தில் அஜாயியே எழுதிவைத்திருக்கிறார்.

சியரா லியோனில் எழுத்துப் படித்து, சாமுவேல் அஜாயி க்ரௌதர் ஆகி, ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவரானார். யொருபா மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதினார். விவிலிய மொழிபெயர்ப்பை நடத்தினார். 1846-ல் அபெயோகுடாவில் தன் தாயை, பிரிந்து 25 ஆண்டுகளுக்குப் பின், கண்டுபிடித்தார். 1864-ல் கேன்டர்பரி தேவாலயத்தில் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயராகப் பட்டம் பெற்றபோது, அந்தக் கூட்டத்தில் மிர்மிடனின் பழைய தலைவர் லீக்கும், இப்போது அட்மிரலாகி, உட்கார்ந்திருந்தார்.

ஜெர்மன் மதப்பணியாளர் சிகிஸ்மண்ட் கோல்லே ஃப்ரீடவுனை விட்டு நகராமலே, மீட்கப்பட்டவர்களிடம் கேட்டுக் கேட்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகளின் சொற்களைத் திரட்டினார். 1854-ல் அது நூலாக வந்தது. இன்றும் ஆப்பிரிக்க மொழியியலாளர்கள் புரட்டும் நூல் அது. அத்தனை மொழிக்காரர்களை ஓர் ஊரில் கொண்டுவந்து சேர்த்தது எது என்பதையும் அந்த நூலே காட்டிக்கொடுக்கிறது.

சட்டத்தின் ஓட்டை 1835-ல் ஓரளவு அடைபட்டது. ஸ்பெயினோடு செய்த புதிய ஒப்பந்தத்தில் ‘உபகரணப் பிரிவு’ வந்தது. கப்பலில் ஓர் அடிமைகூட இல்லாவிட்டாலும், காற்றுப் போகக் கம்பிச் சட்டம் போட்ட தளத் திறப்புகள், இரண்டாம் தளம் அமைக்கும் பலகைகள், விலங்குகள், மாலுமிகளின் தேவைக்கு மீறிய தண்ணீர்ப் பீப்பாய், அளவுக்கு மீறிய அரிசி, பெரிய கொப்பரை — இவற்றில் எது இருந்தாலும் அது அடிமைக் கப்பல். தண்டிக்கப்பட்ட கப்பலை ஏலம் விடாமல் உடைத்துப்போட வேண்டும் என்றும் எழுதினார்கள். 1838-ல் காலிக் கப்பலுக்கும் டன் கணக்கில் பரிசு என்றானது. இத்தனை சுலபமான தீர்வுக்கு 18 ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் செத்தவர்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை எந்த நாடாளுமன்றமும் விவாதிக்கவில்லை.

ஸ்பானியக் கொடி ஆபத்தானதும் வணிகர்கள் போர்ச்சுகீசியக் கொடிக்கு மாறினார்கள். போர்ச்சுகல் பேச்சுக்கு மசியவில்லை என்றதும் 1839-ல் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன், அந்நாட்டின் சம்மதமே இல்லாமல் போர்ச்சுகீசியக் கப்பல்களைப் பிடிக்கச் சட்டம் கொண்டுவந்தார். லெ லூயி தீர்ப்பு சொன்னதற்கு நேர் எதிரானது இது. வலிய நாடு வலுவற்ற நாட்டிடம் மட்டும் காட்டும் அறச்சீற்றம் என்று லிஸ்பனில் சொன்னார்கள். தவறென்று சொல்ல முடியாது. அமெரிக்கக் கப்பல்களின் விஷயத்தில் பாமர்ஸ்டன் அப்படியொரு சட்டத்துக்குத் துணியவில்லையே.

தெற்கே பிடிபட்ட கப்பல்கள் 1840 முதல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போயின. நெப்போலியன் சிறையிருந்த அதே தீவு. அங்கே ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கின் முகாமில் மொத்தம் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கப்பட்டார்கள். சுமார் எட்டாயிரம் பேர் அங்கேயே இறந்தார்கள். 2008-ல் விமான நிலையத்துக்குச் சாலை போடத் தோண்டியபோது 325 பேரின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலும் குழந்தைகளும் இளையவர்களும். 2022-ல்தான் அவற்றை மறுபடி அடக்கம் செய்தார்கள்.

கடலில் துரத்துவதைவிடக் கரையில் இருக்கும் கொட்டடிகளை அழிப்பதே வழி என்று துணிந்தவர் கேப்டன் ஜோசப் டென்மன். சியரா லியோனுக்குத் தெற்கே கல்லீனாஸ் ஆற்றில் பெட்ரோ பிளாங்கோ என்ற ஸ்பானியன் தொடங்கிய பெரும் கிடங்குகள் இருந்தன. 1840-ல் ஃப்ரீடவுனைச் சேர்ந்த ஃப்ரை நார்மன் என்ற கறுப்பினப் பெண்ணையும் அவள் குழந்தையையும் அங்கே பிடித்துவைத்தார்கள். அவள் பிரிட்டிஷ் குடிமகள். டென்மனுக்குச் சாக்கு கிடைத்தது. படகுகளில் ஆட்களோடு உள்ளே போய், உள்ளூர் அரசர் சியாகாவிடம் ஒப்பந்தம் வாங்கி, கொட்டடிகளைக் கொளுத்தி, 841 பேரை மீட்டுவந்தார். நாடாளுமன்றம் பாராட்டியது. ஆனால் ஆட்சி மாறி, வெளியுறவு அமைச்சரான அபர்டீன் 1842-ல் இப்படிக் கொளுத்துவது சட்டப்படி சந்தேகத்துக்குரியது என்று கடிதம் எழுதினார். பூரோன் என்ற அடிமை வணிகர் லண்டன் நீதிமன்றத்திலேயே டென்மன்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். எரிந்த சரக்குக்கு மட்டுமல்ல, பறிபோன அடிமைகளுக்கும் சேர்த்து! 1848-ல் வழக்கு தோற்றது. அரசு பின்னால் ஏற்றுக்கொண்டுவிட்டதால் அது அரசின் செயல் என்றார்கள். இடையில் கழிந்த ஆண்டுகளில் பல அதிகாரிகள் ஒரு குடிசையைக் கொளுத்தவும் யோசித்தார்கள்.

1846-ல் பிரிட்டன் இன்னொன்றும் செய்தது. அயல்நாட்டுச் சர்க்கரைமீது இருந்த கூடுதல் வரியைக் குறைத்துக்கொண்டே போய் நீக்கும் சட்டம். பிரேசிலிலும் கியூபாவிலும் அடிமைகள் விளைவித்த சர்க்கரை லண்டன் தேநீரில் மலிவாகக் கரைந்தது. ஒரு கையால் ரோந்துக் கப்பலுக்குச் செலவழித்து, மறு கையால் அடிமைத் தோட்டங்களுக்குச் சந்தை திறந்துவிட்டார்கள். தடையற்ற வணிகம் பேசிய உறுப்பினர் வில்லியம் ஹட், ரோந்தையே விலக்கிக்கொள்ளலாம் என்று 1850 மார்ச்சில் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ரோந்தால் கப்பல்கள் ஒல்லியாகி, வேகமாகி, நெரிசல் கூடி, அடிமைகளின் பாடு இன்னும் மோசமாகிவிட்டது என்றார். பிரதமர் ரஸ்ஸல் தோற்றால் பதவி விலகுவேன் என்று மிரட்ட, தீர்மானம் 154-க்கு 232 என்று தோற்றது.

அடுத்த சில மாதங்களில் எல்லாம் மாறியது. அதுவும் ஆப்பிரிக்கக் கரையில் அல்ல. பிரேசில் 1831-லேயே அடிமை இறக்குமதியைத் தடை செய்திருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு இறங்கியவர்கள் சுமார் ஏழு லட்சம் பேர். 1850 ஜூன் இறுதியில் கார்மரன்ட் என்ற நீராவிக் கப்பல் பிரேசிலின் பரானகுவா துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து, நங்கூரமிட்டிருந்த அடிமைக் கப்பல்களை இழுத்துக்கொண்டு வெளியேறியது. கோட்டையிலிருந்து சுட்டார்கள், கப்பலும் திருப்பிச் சுட்டது. இன்னொரு நாட்டின் துறைமுகத்தில் செய்த இந்த அத்துமீறலுக்குப் போர் மூண்டிருக்கலாம். பிரேசில் அரசு வேறு வழி தேர்ந்தது. நீதித்துறை அமைச்சர் எவுசேபியோ தே கெய்ரோசின் பெயரால் அறியப்படும் சட்டம் செப்டம்பர் 4 அன்று நிறைவேறியது. இந்த முறை அதை நடைமுறைப்படுத்தவும் செய்தார்கள். 1849-ல் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்த இறக்குமதி 1852-ல் ஆயிரத்துக்கும் கீழே போனது.

பீரங்கியால் நடந்ததா என்று பிரேசில் வரலாற்றாசிரியர்களும் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர்களும் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த 1850-ல்தான் ரியோவில் மஞ்சள் காய்ச்சல் பரவி, அடிமைக் கப்பல்கள் கொண்டுவந்த நோய் என்று மக்கள் பேசினார்கள். தோட்டக்காரர்கள் போர்ச்சுகீசிய அடிமை வணிகர்களிடம் கழுத்துவரை கடன்பட்டிருந்தார்கள். அந்த வணிகர்கள் ஒழிந்தால் நல்லது என்ற நினைப்பும் இருந்தது. கார்மரன்ட் இல்லாமல் சட்டம் அவ்வளவு சீக்கிரம் வந்திராது என்பது என் கணிப்பு. ஆனால் ரியோ அரசு மனம் வைத்திராவிட்டால் ஒரு நூறு கார்மரன்ட்கள் வந்தும் பயனில்லை.

மிஞ்சியது கியூபா. அதற்கு ஆள் கொண்டுபோனவை பெரும்பாலும் அமெரிக்கக் கொடி பறக்கவிட்டவை. 1860 ஆகஸ்டில் காங்கோ முகத்துவாரத்துக்கு அருகே எரீ என்ற கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பலான மொஹிகன் பிடித்தது. உள்ளே 897 பேர். பாதிப் பேர் குழந்தைகள். அதன் தலைவன் நதானியேல் கார்டன் 1862 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் தூக்கிலிடப்பட்டான். அடிமை வணிகத்தைக் கடற்கொள்ளையாகக் கருதி மரண தண்டனை விதிக்கும் அமெரிக்கச் சட்டம் வந்தது 1820-ல். 42 ஆண்டுகளில் அதன் கீழ் தூக்கு மேடை ஏறியது இந்த ஒருவன்தான். அதே ஆண்டு லிங்கன் அரசு பரஸ்பர சோதனைக்குச் சம்மதித்தது. ஒளிந்துகொள்ளக் கொடி இல்லாமல் போகவே, சில ஆண்டுகளில் கியூபா வணிகமும் நின்றது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 1808 முதல் 1860 வரை ரோந்துப் படை பிடித்த கப்பல்கள் சுமார் 1,600. மீட்டவர்கள் ஒன்றரை லட்சம். 1808-க்குப் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 30 லட்சம். இருபது பேரில் ஒருவருக்குத்தான் ரோந்துக் கப்பல் வந்து சேர்ந்தது. மற்றவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது வாங்குபவர்களின் துறைமுகத்தில் ஒரு பூட்டு. அந்தப் பூட்டு பிரேசிலில் 1850 வரையிலும் கியூபாவில் 1860-கள் வரையிலும் போடப்படவில்லை. அந்த ஒன்றரை லட்சம் பேரை இதனால் சிறிய எண் என்று சொல்லிவிடவும் முடியாது; க்ரௌதர் அவர்களில் ஒருவர்.

1867-ல் இந்த மேற்கு ஆப்பிரிக்க ரோந்துப் படை தனி அமைப்பாக இருப்பது முடிவுக்கு வந்தது. ஆனால் ஆப்பிரிக்காவின் மறு கரையில், இந்தியப் பெருங்கடலின் சான்சிபார் அடிமைச் சந்தை 1873 வரை திறந்தே இருந்தது. அடுத்த இதழில் அங்கே போவோம்.

(தொடரும்)